உயிரோடு இருக்கும் அத்தையை வம்சாவளி மரத்தில் "இறந்தவர்" என்று போட்டிருக்கிறார்கள், எப்படி மாற்றுவது?

எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவின் தங்கை இங்கே பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, சாயங்காலம் சீரியல், இரண்டும் ஒருநாள் தவறாது.

போன வாரம் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு லிங்க் போட்டான். எல்லாரும் சேர்ந்து ஒரே மரமாக எழுதுகிற தளம். எங்கள் தாத்தா, அவருடைய அப்பா, அதற்கும் மேலே பொள்ளாச்சிப் பக்கம் வரை போயிருக்கிறது. நல்ல உழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தையின் பேருக்குக் கீழே பிறந்த தேதி, பிறந்த ஊர், கல்யாணமான வருடம் எல்லாம் போட்டுவிட்டு "இறந்தவர்" என்று இருக்கிறது. இறந்த தேதி இல்லை, இடம் இல்லை.

பதிந்தவர் வெளிநாட்டில் இருக்கும் தூரத்து உறவு. இந்த ஊருக்கு வந்திருப்பாரா என்பதே சந்தேகம். செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. அவர் பதில் சொல்லாமலே மாற்ற முடியுமா? அப்புறம், அத்தையிடம் சொல்லலாமா? சொல்லவே கூடாது என்கிறாள் வீட்டுக்காரி.

கணக்குப்பிள்ளை, கோவை

அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். தளத்தை நான் சொல்கிறேன்.

ஃபேமிலிசர்ச்சாக இருந்தால், அங்கே பொது மரம் என்பது இறந்தவர்களுக்கு மட்டும்தான். உயிரோடு இருப்பவரை யார் சேர்த்தாலும் அந்தப் பதிவு சேர்த்தவருடைய தனி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்தவர் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் அத்தை பட்டிருக்கிறார் என்றால், இறந்தவர் என்று குறித்ததால்தான் பட்டிருக்கிறார். அந்த ஒரு குறிதான் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. இன்று அவருடைய பிறந்த தேதியையும் அம்மா பேரையும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. உங்கள் பேரில் ஒரு கணக்கு வேண்டும், அது இலவசம். அத்தையின் பக்கத்தைத் திறந்து இறப்பு என்ற வரியில் திருத்தப் போனால் "உயிருடன் உள்ளார்" என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்து, காரணம் எழுதி, சேமியுங்கள். அந்த நிமிடமே மாறாது. தளத்தின் ஆட்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பொதுப் பார்வையிலிருந்து விலகும். முதலில் பதிந்தவரின் சம்மதம் தேவையில்லை, எனவே அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஜெனியாக இருந்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் நிர்வாகி என்று ஒருவர் இருப்பார், முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் அசையாவிட்டால் கியூரேட்டர் என்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம். ஆன்செஸ்ட்ரியிலும் மைஹெரிடேஜிலும் மரம் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும்.

எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை

நன்றிங்க. நீங்கள் முதலில் சொன்ன தளம்தான். ஒரு யோசனை: அத்தையின் பதிவையே நீக்கிவிட்டால் என்ன? மரத்தில் அவர் பேரே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை, கோவை

வேண்டாம். முதலில், மற்றவர்கள் கை வைத்த பதிவை உங்களால் அங்கே நீக்க முடியாது. பெற்றோரிடமிருந்து உறவை அறுத்துவிட்டால் பதிவு மறையாது, அநாதையாக அங்கேயே கிடக்கும், அப்போதும் இறந்தவராகத்தான். நாளைக்கு உங்கள் தாத்தாவுக்கு ஒரு மகள் குறைகிறாளே என்று வேறொருவர் புதிதாகச் சேர்ப்பார், மறுபடி இறந்தவர் என்று. நிலையை மாற்றுவதுதான் சரி.

காரணம் எழுதும் கட்டத்தைப் பற்றி ஒன்று. "நான் இவருடைய அண்ணன் மகன். இவர் உயிருடன் இருக்கிறார். நேரில் பார்த்துப் பழகுகிறேன்." இவ்வளவு போதும். ஆதார் எண், போன் நம்பர், எந்த வீதி, எந்த வீடு எதுவும் வேண்டாம். உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போய் அவருடைய முகவரியையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டைப் படம் எடுத்து "ஆதாரம்" என்று ஏற்றியவர்களும் உண்டு.

பாறசாலை வாத்தியார்

இப்படிப் பதிகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் கல்யாணப் பத்திரிகையை வைத்துத்தான் மரம் எழுதுகிறார்கள். பத்திரிகையின் மேல் மூலையில் என்ன அடிக்கிறோம்? "தெய்வத்திரு இன்னார் – இன்னாரம்மாள் அவர்களின் பேரன்." தாத்தாதான் காலமாகியிருப்பார். பாட்டி பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து தாம்பூலப் பையை எண்ணிக்கொண்டிருப்பார். ஆனால் "தெய்வத்திரு" இரண்டு பேருக்கும் சேர்த்து அடித்ததுபோல நிற்கும். ஊரில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும், குழப்பம் இல்லை. முப்பது வருடம் கழித்து டொரண்டோவில் அந்தப் பத்திரிகையின் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பேத்திக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் சபைப் பதிவேட்டிலும் இதே சங்கடம். கட்டிக்கொண்டு வேறு சபைக்குப் போன பெண்ணின் பேரில் ஒரு கோடு, இறந்தவர் பேரிலும் ஒரு கோடு. ஓரத்தில் சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும். செல்போனில் படம் எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ஓரம்தான்.

லயத்துப் பொண்ணு, மூணாறு

வாத்தியார் ஐயா சொன்ன கோடு எங்கள் எஸ்டேட்டிலும் உண்டு. செக்ரோலில், அதாவது தொழிலாளர் பேர் ஏட்டில், பேர் வெட்டுவது என்பார்கள். வேலையிலிருந்து நின்றால் பேர் வெட்டு, லயத்தைக் காலி செய்துவிட்டு சங்கரன்கோவில் பக்கமோ தென்காசிப் பக்கமோ சொந்த ஊருக்குப் போனால் பேர் வெட்டு, செத்தாலும் பேர் வெட்டு. எங்கள் சித்தப்பா ரிட்டயராகி ஊருக்குப் போய் ஆட்டுக்குட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறார். மரத்தில் அவர் வேலையை விட்ட வருடத்தையே இறந்த வருடம் என்று போட்டிருந்தார்கள்! எழுதியவர் வேறு யாருமில்லை, அவருடைய அக்கா பேத்திதான். நேரில் சித்தப்பாவைப் பார்த்ததில்லை, பழைய ஏட்டின் படம்தான் பார்த்திருக்கிறாள்.

ஆனால் பொதுவாக ஏன் "இறந்தவர்" என்று குத்துகிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு ஒரு காரணம் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருப்பவராகப் போட்டால் தனக்கு மட்டும்தான் தெரியும். தங்கச்சிக்குக் காட்ட முடியாது, மாமன் மகனுக்குக் காட்ட முடியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதனால் தெரிந்தே ஒரு குத்து. குடும்பத்தார் மட்டும் பார்க்கிற மாதிரி உயிரோடிருப்பவர்களைப் பகிர்ந்துகொள்ள இப்போது அங்கேயே குடும்பக் குழு மரம் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பேர் இந்த வேலையை விட்டுவிடுவார்கள்.

சுருக்குப்பை, சித்தூர் (பாலக்காடு)

அத்தையிடம் தாராளமாகச் சொல்லு தம்பி. செத்துப்போனதாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்பது தெரியாதா? எங்கள் பெரியம்மாவுக்கு இப்படித்தான் தப்பாகச் சேதி போய், மதுக்கரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். மாலையைத்தான் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நகரி நெசவாளி

எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் சிக்கலானது, எல்லையால் வந்த வினை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம்.

பாட்டி 1938ல் திருத்தணியில் பிறந்தவர். அப்போது அது சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம். 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. 1956ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. மா.பொ.சி. எல்லாம் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியபோது சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1969ல் மாநிலத்தின் பேரே தமிழ்நாடு ஆனது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். இத்தனைக்கும் பாட்டி இடம்பெயர்ந்தது ஒரே முறை, கல்யாணமாகி நகரிக்கு. இன்னும் நகரியில்தான் இருக்கிறார், ஆந்திரப் பிரஜையாக.

மரத்தில் என்ன ஆனது என்றால், பிறந்த இடத்தை ஒருவர் "சித்தூர் மாவட்டம், சென்னை மாகாணம்" என்று எழுதினார், ஒருவர் "ஆந்திரப் பிரதேசம்" என்று எழுதினார், ஒருவர் "திருவள்ளூர், தமிழ்நாடு" என்று எழுதினார். ஆங்கிலத்தில் பேரின் எழுத்துகளும் ஆளுக்கொரு மாதிரி. மூன்று பாட்டிகள் ஆகிவிட்டார்கள். அதில் ஒரு பதிவு உண்மையில் பாட்டியே இல்லை, அதே பேர் கொண்ட அவருடைய அப்பத்தா. எங்கள் வழக்கப்படி பாட்டி பேரைத்தானே பேத்திக்கு வைக்கிறோம். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாம் ஒரே ஆள் என்று மூன்றையும் இணைத்துவிட்டார். அப்பத்தா 1951ல் இறந்த தேதி பாட்டி தலையில் ஏறியது. 1951ல் இறந்தவர் 1958லும் 1962லும் பிள்ளை பெற்றிருக்கிறார். தளம் சிவப்பில் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருந்தது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

எனவே அத்தையின் பக்கத்தில் நிலையை மாற்றுவதற்கு முன் மாற்ற வரலாற்றைத் திறந்து பாருங்கள். இணைப்பு ஏதாவது நடந்திருந்தால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். இணைத்த பிறகு யாரும் எதையும் தொடவில்லை என்றால் இணைப்பை அப்படியே திரும்பப் பெறலாம். தொட்டிருந்தால், மறைந்துபோன பதிவை மீட்டெடுத்து, யாருடையது எது என்று கையால் பிரித்துப் போட வேண்டும். அதைச் செய்யாமல் நேராக "உயிருடன்" என்று மாற்றினால், உண்மையில் இறந்த அப்பத்தாவையும் சேர்த்து உயிர்ப்பித்துவிடுவீர்கள், அப்புறம் அவரையும் பொது மரத்தில் பார்க்க முடியாது.

எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை

அடேங்கப்பா. பார்த்தேன், இணைப்பு எதுவும் இல்லை. நேரடியாகவே இறந்தவர் என்று ஏற்றியிருக்கிறார்கள். "ஜெட்காம் மூலம் சேர்க்கப்பட்டது" என்று காரணக் கட்டத்தில் இருக்கிறது. அது என்ன?

கணக்குப்பிள்ளை, கோவை

வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் கோப்பு வடிவம். வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் கீழே பிறப்புக்கு ஒரு வரி, இறப்புக்கு ஒரு வரி. ஆள் இறந்தது தெரியும், தேதி மட்டும் தெரியாது என்றால் இறப்பு வரியில் ஆம் என்பதற்கு "ஒய்" என்று ஒற்றை எழுத்து போடுவார்கள். உங்கள் அத்தை பக்கத்தில் தேதி இல்லாமல் வெறும் "இறந்தவர்" என்று நிற்பது இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இதில்தான் கவனம் தேவை. தளத்தில் நீங்கள் திருத்தினாலும் அந்தக் கோப்பு அவருடைய கணினியில் அப்படியே இருக்கிறது. அதையே அவர் இன்னொரு தளத்தில் ஏற்றியிருந்தால் அங்கேயும் அத்தை இறந்தவர். ஆகவே அவரைப் பிடித்தாக வேண்டும், சண்டைக்கு அல்ல, கோப்பில் அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்ல. பங்காளிப் பையன் மூலமாகக் கேளுங்கள், வயசுப் பசங்களுக்குள் சீக்கிரம் நடக்கும். அத்தை ஒருவருக்கு மட்டுமா என்றும் பாருங்கள். பெண் எடுத்த வழி, கொடுத்த வழி எல்லாரையும் மொத்தமாக இறந்தவர் ஆக்கியிருக்கலாம்.

பொதுவாக அந்தத் தளத்தில், பிறந்து 110 வருடம் ஆகாதவருக்கு இறப்பு விவரம் எதுவும் இல்லாவிட்டால் உயிரோடிருப்பவராகத்தான் எடுத்துக்கொள்ளும். கோப்பில் அந்த வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

பழைய தபால்காரர், வேலந்தாவளம்

எனக்கு ஒரு பயம். இணையத்தில் இறந்தவர் என்று இருந்தால் பென்ஷன் நின்றுவிடாதா? என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் திடீரென்று நின்றது.

பாறசாலை வாத்தியார்

நிற்காது ஐயா. வம்சாவளித் தளத்துக்கும் பஞ்சாயத்துக்கும் வங்கிக்கும் ஒரு கம்பி கூட இணைப்பு இல்லை. உங்கள் நண்பருக்கு நின்றது அநேகமாக நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்காததால் இருக்கும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்று கைரேகை வைத்தே கொடுக்கலாம், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அரசாங்க இறப்புப் பதிவேட்டிலேயே தப்பாக ஏறியிருந்தால்தான் ஆபத்து. அதற்கு 1969ஆம் வருட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு இருக்கிறது. தவறான பதிவைப் பதிவாளர் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் மூலப் பதிவை அழிக்க மாட்டார். ஓரத்தில் திருத்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடுவார். எனக்கு அந்த முறை பிடிக்கும், யார் எப்போது மாற்றினார் என்பது நிற்கிறது பாருங்கள். எல்லையில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். வீடு கொழிஞ்சாம்பாறையில் இருந்து, கோவை ஆஸ்பத்திரியில் நடந்த சாவு என்றால் பதிவு கோவையில் இருக்கும்.

சுருக்குப்பை, சித்தூர் (பாலக்காடு)

உத்தரப் பிரதேசத்தில் லால் பிஹாரி என்று ஒருவர் இருக்கிறாரே, நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே வருவாய்த் துறைக் கணக்கில் அவரைச் சாகடித்துவிட்டார்கள். 1975ல் செத்தவர் 1994ல்தான் காகிதத்தில் உயிர்த்தார். பேருக்குப் பின்னால் "மிருதக்" (இறந்தவர்) என்று போட்டுக்கொண்டு, அவரைப் போல் காகிதத்தில் செத்தவர்களுக்கு ஒரு சங்கமே நடத்தினார். 2003ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு வேறு.

பழைய தபால்காரர், வேலந்தாவளம்

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். அத்தை பேரில் தோப்பு ஏதாவது இருந்து, இந்த மரத்தைக் காட்டி எவனாவது வாரிசுச் சான்று வாங்கிவிட்டால்?

பாறசாலை வாத்தியார்

இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்று கேட்கவே முடியாது. கேரளத்தில் தாசில்தார் விசாரித்து, கெஜட்டில் அறிவிப்புப் போட்டு, ஆட்சேபம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுப்பார். இணைய மரத்தின் பிரிண்ட் அங்கே செல்லாது. எனக்கு நிலத்தை விடப் போன்தான் பயம். "உங்கள் அம்மா பேர் இது, பிறந்த தேதி இது, சரியா அம்மா?" என்று ஒருவன் பேங்க்கிலிருந்து பேசுவதுபோல் பேசினால் எண்பது வயதுக்காரர் நம்பிவிடுவார். அந்த இரண்டு விவரமும்தான் இப்போது திறந்து கிடக்கிறது. அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் இன்றைக்கே கோரிக்கையை அனுப்புங்கள்.

லயத்துப் பொண்ணு, மூணாறு

2023ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில் தன் விவரத்தைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமை இருக்கிறதே, அதை வைத்து அந்த உறவுக்காரரை ஒரு மிரட்டு மிரட்டலாமா?

கணக்குப்பிள்ளை, கோவை

வீட்டு உபயோகத்துக்காகத் தனி ஆள் செய்வதற்கு அந்தச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. மரம் எழுதுவது வீட்டு வேலையா என்று வாதம் செய்ய வக்கீல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் உங்கள் பங்காளி. அடுத்த கிடாவெட்டுக்கு அவரும் வரி கொடுப்பார்.

எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை

அன்றைக்கே கோரிக்கை அனுப்பிவிட்டேன். பரிசீலனையில் இருக்கிறது.

அத்தையிடமும் சொன்னேன். வீட்டுக்காரி பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, "என்னைய விடு, இதுல வேற யாரெல்லாம் இருக்காங்க?" என்றார். மேலே தள்ளத் தள்ள ஒவ்வொருவராகத் திருத்தம் வந்தது. தனக்குப் போட்டிருக்கும் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது, தான் பிறந்தது ஆடி மாதம் நோம்பி முடிந்த வெள்ளிக்கிழமை என்றார். அவருக்கும் எங்கள் அப்பாவுக்கும் நடுவில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில் தவறியிருக்கிறது, எங்களுக்கே தெரியாது. பேர் வைத்துவிட்டார்களாம், பேரையும் சொன்னார். அந்தப் பிள்ளையை நான் சேர்த்தேன், பொது மரத்தில்.

சிக்கல் ஒன்று. அத்தையின் கொழுந்தனார் ஒருவர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர், பல வருடமாகத் தகவலே இல்லை. இன்று இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். பங்காளிப் பையன் அவரையும் இறந்தவர் என்றே வைத்திருக்கிறான். ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் சட்டப்படி இறந்தவர்தானே என்கிறான்.

கணக்குப்பிள்ளை, கோவை

ஏழு வருடக் கணக்கு நீதிமன்றத்துக்கு. அங்கேயும் தானாக நடக்காது, கேட்கிறவர் வழக்குப் போட்டுத் தகவல் இல்லை என்று காட்ட வேண்டும். மரத்தில் "தெரியவில்லை" என்று ஒரு தேர்வு இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் இருக்கிறவர் இல்லாதவர் என்ற இரண்டுதான். நான் என்றால் உயிருடன் என்று மாற்றக் கேட்டு, வீட்டை விட்டுப் போன வருடத்தையும் கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்பதையும் என் பக்கத்துக் குறிப்பில் எழுதி வைப்பேன். 110 வருடம் தாண்டும்போது அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு எங்காவது இன்னொரு குடும்பம் இருந்து, அவர்கள் பக்கத்திலிருந்து சரியான தேதியோடு ஒரு பதிவு வந்து நிற்கவும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டை விட்டுப் போனவர்கள் விஷயத்தில் இது நடந்திருக்கிறது.

நகரி நெசவாளி

கோரிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு படங்களையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் பாட்டியின் பதிவு சரியான பிறகும், யாரோ தாத்தாவின் பக்கத்தில் ஏற்றிய மணிவிழாப் படம் பொதுவில் கிடந்தது. பாட்டி கழுத்தில் மாலை. அதையும் பார்த்துவிட்டு ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார்.

எல்லைக்காரன், கொழிஞ்சாம்பாறை

படங்களை இன்று ராத்திரி பார்க்கிறேன். ஜெட்காம் கோப்பை அனுப்பச் சொல்லிப் பங்காளிப் பையன் அந்த உறவுக்காரரிடம் பேசிவிட்டான், தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வந்ததும் இங்கே கேட்கிறேன், அந்த வரியை எப்படி எடுப்பது என்று கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்ல வேண்டும்.